எரியாத வயிறு

பிளெவென் நகரில் ஏழாம் தடத்து டிராலிபஸ் என்னுடையது.
மேலே கம்பி, கீழே பனி, நடுவில் பதினெட்டு வருடமாய் நான்.
பெயர் ஸ்த்ராவ்கா. எங்கள் மொழியில் அதற்கு
ஆரோக்கியம் என்று பொருள்.
சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

பிப்ரவரியில் விரல் கணுக்கள் வீங்கின.
ஸ்டீயரிங்கைத் தொடுமுன்
வெந்நீரில் கைகளை முக்கிக் கெஞ்ச வேண்டியிருந்தது.
டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்:
ஸ்டீராய்டு. சட்டைப் பொத்தானில் பாதி இருக்கும்.
மூன்றாம் நாள் ஊறுகாய் ஜாடியை நானே திறந்தேன்.
ஊறுகாய் தின்னவில்லை. திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
வயிற்றில் பால் வார்த்தது போல என்பார்களே,
வார்த்தது.

முகம் நிலாவாய் உருண்டது.
எதிர்வீட்டு பென்கா "செழித்துவிட்டாயே" என்றாள்.
நடுநிசியில் பேய்ப்பசி.
நேற்றைய பனித்சாவை, தட்டு இல்லாமல்,
குளிர்பெட்டி வெளிச்சத்தில் நின்றபடியே.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை.
என் இருக்கைக்கடியில், சில்லறை டப்பாவில்,
டிக்ளோஃபெனாக் அட்டை.
டிப்போவில் எல்லோரிடமும் உண்டு,
சூயிங்கம் போல நீட்டிக்கொள்வோம்.
அதை மருந்தென்றே நினைத்ததில்லை;
ஆகவே மறைத்ததாகவும் நினைக்கவில்லை.

செப்டம்பரில் ஓக்னியானுக்குப் புது வண்டி வந்தது.
ஏ.சி. உண்டு, கதவு மூடும்போது பெருமூச்சு விடும்.
பணியில் நான் நாலு வருடம் மூத்தவள்.
எனக்கு வயிற்றெரிச்சல். மறைப்பானேன்?
ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
அந்த மாதம் முழுக்க
நிஜமாய் எரிந்திருக்க வேண்டிய இடத்தில்
ஒன்றும் எரியவில்லை.

மலம் கறுத்தது. பிளம்ஸ் காலம்;
ஜாம் கிண்டிக் கரண்டியை நக்கியதுதான் என்றிருந்தேன்.
தார் போல என்று இப்போது சொல்கிறேன்.
அன்று உவமை தேடவில்லை,
தண்ணீரை இழுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அக்டோபர் பதினொன்று, ரயில் நிலைய நிறுத்தம்.
கேரட் மூட்டையோடு ஒருவர் ஏறினார்.
கதவை மூடும் பொத்தான் எதுவென்று மறந்துபோனது.
கண்ணாடிக்கு வெளியே ஊர் சாம்பலாகி, வெளுத்து,
இல்லாமல் போயிற்று.
பிரேக்கைக் கை இழுத்தது. நான் இல்லை, கை.
மாத்திரை திறந்துவிட்ட அதே விரல்கள்.

குழாய் இறங்கியது, ஏறியது.
அப்புறம் படத்தைக் காட்டினார்கள்: என் இரைப்பை.
இளஞ்சிவப்புச் சுவரில் ஒரு நாணயக் குழி,
குழிக்கடியில் கசிந்த ரத்தக்குழாய்,
அதன்மேல் அவர்கள் கடிக்கவைத்த சின்னக் கிளிப்.
"வலிக்கவே இல்லையா?"
இல்லை.
"அந்த மாத்திரை சில சமயம் வலியின் வாயையும் கட்டிவிடும்.
வேறென்ன சாப்பிட்டீர்கள்?"
சில்லறை டப்பாவைச் சொன்னேன்.
பேனாவைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.
வயிற்றில் புளியைக் கரைத்தது என்று சொல்ல வாயெடுத்து,
கிளிப்பை நினைத்துச் சும்மா இருந்தேன்.

இரண்டு பை ரத்தம்.
டிப்போவிலிருந்து மூன்று பேர் கொடுக்க வந்தார்களாம்.
மூன்றாவது ஆள் ஓக்னியான்.
நெருப்புக்காரன் என்று பொருள் அந்தப் பெயருக்கு.
"அது வங்கிக்குப் போகும், உங்களுக்கே வராது"
என்றாள் செவிலி.
சரி.
இருந்தாலும் அன்றிரவு கால்விரல் வரை சூடு இறங்கியது.

ஸ்டீராய்டை இன்றோடு நிறுத்துகிறேன் என்றேன்.
சட்டென நிறுத்தக் கூடாதாம்.
தான் சுரந்துகொண்டிருந்ததை
உடம்பு இத்தனை மாதத்தில் மறந்திருக்குமாம்.
பாதி, அதில் பாதி, பிறகு அதிலும் பாதி என்று
படிப்படியாகத்தான் இறக்கம்.
துணைக்கு வயிற்றுக்கொரு காவல் மாத்திரை, காலையில்,
காபிக்கு முன்.

டிசம்பரில் திரும்பினேன். டப்பாவில் சில்லறை மட்டும்.
"புது வண்டி எப்படி?" என்று ஓக்னியானைக் கேட்டேன்.
"கதவு ஓயாமல் புலம்புகிறது," என்றான்.
புலம்பட்டும் என்றேன்.
இப்போதெல்லாம்
விலாவுக்குக் கீழே எது சுருக்கென்றாலும்
ஓரங்கட்டி நிறுத்தி
என்ன என்று கேட்கிறேன்.